ஓர் அலகு கீழே

தாமரைக் குளத்தின் மேலே வளைந்து நின்ற நாவல் கிளையில் மீன்கொத்திகளின் பள்ளிக்கூடம் நடந்தது. பாடம் ஒன்றே ஒன்றுதான்: கிளையிலிருந்து பாய்ந்து மீன் பிடிக்க வேண்டும்.

வாத்தியார் பெயர் கூரலகர். வேட்டையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வகுப்பில் அவர் வாயிலிருந்து வந்தது ரெண்டே வார்த்தை. மீனோடு வந்தால் "பலே!" வெறும் வாயோடு வந்தால் "தப்பு!" அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் தெரியும் தன் அழகைப் பார்த்துச் சிறகு கோத ஆரம்பித்துவிடுவார்.

மின்னி என்ற குஞ்சு அன்று காலையில் மட்டும் ஒன்பது தடவை பாய்ந்துவிட்டாள்.

"தப்பு! தப்பு! மறுபடியும் தப்பு!"

பாவம், அவள் வயிறு காய்ந்து கிடந்தது. குஞ்சு பறக்கப் பழகியதும் ஊட்டுவதை நிறுத்திவிடுவது மீன்கொத்தி வழக்கம். "இன்னிக்கு முதல் உன் வயித்துப்பாட்டை நீதான்டி பார்த்துக்கணும்" என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். மேற்கே மேகமோ கறுத்துக்கொண்டு வந்தது. மழை கொட்டினால் குளம் கலங்கிவிடும். அப்புறம் நாலு நாளைக்கு யார் கண்ணுக்கும் மீன் தெரியாது. அதற்குள் ஒன்றாவது பிடிக்காவிட்டால் மின்னி பட்டினிதான்!

"ஐயா, எது தப்புன்னு சொல்லுங்களேன்!"

"தப்புன்னா தப்புதான்! இன்னும் நல்லாப் பாய்!"

"நல்லான்னா எப்படிங்க ஐயா?"

"எதிர்க்கேள்வி வேற கேக்குறியா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேகன் என்ற இன்னொரு குஞ்சு மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் ஒண்ணும் புரியலை மின்னி. நேத்து கரையோரம் பிடிச்சேன், பலேன்னாரு. இன்னிக்கு ஆழத்துல பாஞ்சா ஒண்ணும் சிக்கலை. நேத்து என்ன சரியாச் செஞ்சேன்னே தெரியலை!"

தாமரை இலையில் கிடந்த குண்டன் என்ற தவளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஓய் வாத்தியாரே! அந்தப் பொண்ணு பாயறதை ஒரு தடவையாவது பார்த்தீரா? தண்ணிக்குள்ள இருந்து ஒன்பது தடவையும் பார்த்தவன் நான். நீர் பார்த்ததெல்லாம் உம்ம மூஞ்சியைத்தான்!"

கூரலகருக்கு வந்ததே கோபம்! கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு திரும்பினார். அங்கே மின்னி நனைந்து நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. உடனே பறந்து, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த தாழ்ந்த கிளையில் போய் உட்கார்ந்தார்.

"பாய், மின்னி. பார்க்கிறேன்."

மின்னி பாய்ந்தாள். மீன் நழுவியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு "தப்பு!" வரக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"சிறகை நல்லா மடக்கினே. நேராவும் இறங்கினே. அது ரெண்டையும் மாத்தாதே. ஆனா உன் அலகு மீன் முதுகுக்கு மேல போயிடுது. தண்ணிக்குள்ள மீன் தெரியற இடம் வேற, இருக்கிற இடம் வேற. தெரியற இடத்துக்கு ஓர் அலகு நீளம் கீழே குறி வை!"

பத்து தடவை பாய்ந்தவளுக்கு இதுதான் முதல் சேதி! மறுபடி பாய்ந்தாள். அலகில் ஒரே ஒரு செதில் ஒட்டியிருந்தது.

"பார்த்தியா, மீனைத் தொட்டுட்டே! ஆழம் சரியாப்போச்சு. கடைசியில தலையைத் திருப்பிட்டே, அவ்வளவுதான். மீனைக் கவ்வுற வரைக்கும் திருப்பாதே!"

முதல் மழைத்துளி குளத்தில் விழுந்தது. மின்னி அம்பாகப் பாய்ந்தாள். சளக்! எழுந்து வந்தபோது அவள் வாயில் ஒரு வெள்ளிக் கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது!

குளமே அதிர்ந்தது. குண்டன் இலையில் குதித்த குதியில் தண்ணீருக்குள்ளேயே விழுந்தான். எதிர்க்கரையிலிருந்து அம்மா கீச்சிட்டுக்கொண்டு பறந்து வந்தாள். "என் பொண்ணு! என் பொண்ணு!" மின்னி கெண்டையைக் கிளையில் ரெண்டு தட்டுத் தட்டி முழுசாக விழுங்கினாள். அப்பாடா, என்ன ருசி!

கூரலகர் "ப..." என்று வாயெடுத்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ஓர் அலகு கீழே குறி வெச்சே, கவ்வுற வரைக்கும் தலையைத் திருப்பலை. அதான் கெண்டை உன் வயித்துக்குப் போச்சு. பலே!"

வேகன் உடனே முன்னால் வந்து நின்றான். "ஐயா, என்னையும் பாருங்க!"

"வாடா, இறங்கு" என்றார் வாத்தியார். மழை வலுப்பதற்குள் அவனும் ஒரு மீனோடு வந்தான்.

எது சரி, எதை எப்படித் திருத்த வேண்டும் என்று கண்ணால் பார்த்து அப்போதே சொல்கிற ஒரு சொல், பார்க்காமல் சொல்கிற நூறு பாராட்டையும் நூறு கண்டிப்பையும் விடப் பெரியது.