மீன் வாடைக் கீரை

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிக்குப் பின்னால், குடியிருப்பவர்கள் சேர்ந்து போட்ட தோட்டம் ஒன்று. ஆளுக்கொரு பாத்தி. வேலை சொல்லிக்கொடுப்பவர் தமயந்தி டீச்சர். அவரிடம் பாடம் கேட்ட சிற்றம்பலம் அவரைவிட இருபது வயது மூத்தவர், வீட்டுக்குள் முட்டையைக்கூடச் சேர்க்காத சுத்த சைவர்.

பக்கத்துப் பாத்தி, வியட்நாமிலிருந்து வந்து குடியேறிய லானுடையது. தாயைப் பார்க்க இரண்டு மாதம் ஊருக்குப் போனவர், தண்ணீர் மட்டும் ஊற்றும்படி சிற்றம்பலத்திடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கை சும்மா இருந்தால்தானே? களையும் எடுத்துத் தருவோமே என்று குனிந்தார். பாத்தி முழுக்க மண்டிக் கிடந்த ஒரு செடியில் மீன் கழுவிய தண்ணீரின் வாடை. என்னமோ அழுகிவிட்டது என்று ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்தார். அது லான் தினமும் பச்சையாகச் சாப்பிடும் கீரை, வாடையே அப்படித்தான் என்று மறுநாள் யாரோ சொன்னார்கள். அவர் தாய் வீட்டிலிருந்து வந்த செடியாம்.

சிற்றம்பலம் டீச்சரிடம் ஓடினார். லான் வருவதற்குள் கடையில் வாங்கி நட்டுவிடலாமா என்று கேட்டார்.

டீச்சர் பூவாளியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"தண்ணி ஊத்தத்தானே சொன்னாங்க. ஊத்துங்க."

வெறும் மண்ணுக்குத் தினமும் ஊற்றினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் வாரம், வேர் அறுந்து மண்ணுக்குள் தங்கியிருந்த இடமெல்லாம் சிவப்பாக முளைகள். லான் வருவதற்கு முதல் நாள் பாத்தி பழையபடி நிறைந்திருந்தது.

சிற்றம்பலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இனி அவங்ககிட்ட சொல்ல வேண்டாம்தானே, டீச்சர்? தெரிஞ்சா என் முகத்துலயே முழிக்க மாட்டாங்க."

டீச்சர் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"உங்க கறிவேப்பிலையை முதல்ல பாத்தப்ப லான் என்ன பண்ணாங்க?"

"இது எதுக்குன்னு கேட்டாங்க. ரசம் வச்சுக் குடுத்தேன்."

"மூணு வருஷமா பக்கத்துப் பாத்தி. இதை அவங்க எதோட சாப்பிடறாங்க?"

சிற்றம்பலம் தெரியாது என்றார்.

"நாளைக்குச் சொல்லிடுங்க, ஐயா. சொன்னாத்தானே அதைக் கூச்சமில்லாம கேக்க முடியும்."