ஆலி திருப்பிய கை

அந்தக் காலத்தில் தண்ணீருக்கும் பேச்சு இருந்தது. மலை உச்சிச் சுனையில் நீர்க்குடிகள் வாழ்ந்தார்கள். ஆளுக்கு இரண்டு கை, ஓயாத ஓட்டம். பிடித்த கை மறு நொடியே நழுவும். ஆலி என்பவள் தன் மகள் தூவியை நாளுக்கு நூறு முறை தொலைத்துவிட்டுத் தேடுவாள்.

ஒரு மார்கழியில் வாடைக்காற்று வந்து ஒப்பந்தம் பேசியது. ஓடாமல் நின்றால் யாரும் யாரையும் தொலைக்க மாட்டார்கள். ஒவ்வொருவரைச் சுற்றியும் நான்கு பேர். இருவருக்குக் கை கொடுக்க வேண்டும், இருவர் கையை வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த இரண்டு பேருக்கு நடுவிலும் ஒரே ஒரு கைதான்.

ஆலி பேரம் பேசாமல் மூச்சுகூட விடமாட்டாள்.

"நாலு பேருக்கு ரெண்டு கை எந்த ஊர் நியாயம்? இன்னொண்ணு போட்டுக் கொடுங்க."

வாடை இறங்கி வரவில்லை. இஷ்டம் இருந்தால் நில் என்றது. நின்றாள்.

சுனை உறைந்தது. தூவியின் கை ஆலியின் தோளில் இருந்தது. ஆலியின் கைகளோ வேறு இருவரிடம். அதில் ஒருவன் சேந்தன். ஆலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் கை பிள்ளைமேல் இல்லையா?

"நான்தான் பிடிச்சிருக்கேனேம்மா," என்றாள் தூவி.

"நீ விட்டுட்டா?"

சேந்தனிடமிருந்த கையை வெடுக்கென்று உருவி மகள் பக்கம் திருப்பினாள்.

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இரண்டு கைகள் முட்டிக்கொண்டன. இடி தாங்காமல் தூவி தன் கையை அடுத்தவள் பக்கம் திருப்பினாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. முட்டல் அங்கே போனது. அங்கிருந்து இன்னும் தள்ளிப் போனது. சேந்தன் பக்கமோ கையே இல்லாத வெறுமை. அவன் தன் பின்னால் இருந்தவனுக்குக் கொடுத்திருந்த கையை எடுத்து அந்த வெறுமையில் வைத்தான். வெறுமை அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது.

ஒருவரும் அடி எடுத்து வைக்கவில்லை. ஆனாலும் உள்ளே முட்டலும் வெறுமையுமாக இரண்டு பேர் நடமாடினார்கள். அவர்கள் கடந்த வழியில் நின்றவர்களின் முகமெல்லாம் கையோடு சேர்ந்து வேறு பக்கம் திரும்பியிருந்தது. வாடை வந்து எண்ணியது. தலை குறையவில்லை, கையும் குறையவில்லை. பிறகு நடப்பது யார் என்று கேட்டது.

ஆலியின் கை மகள்மேல் இருந்தது. மகளின் முகம் எங்கோ இருந்தது.

"இந்தப் பக்கம் திரும்புடி."

"அந்த வெறுமை சுத்திக்கிட்டு உன்கிட்ட வரும்மா. அப்ப உன் கையை எடுத்து அதுல வை. உன் கை விலகினாத்தான் நான் திரும்ப முடியும்."

வெறுமை வந்தது. ஆலியின் விலாவை ஒட்டி வெகுநேரம் நின்றது. ஆலி கையை எடுக்கவில்லை. அது அவளைக் கடந்து போய்விட்டது.

அன்று முதல்தான், மின்சாரம் தொட்டால் பனிக்கட்டிக்குள் ஒருவரும் இடம் பெயராமலே, வெறுமை ஒரு கரைக்கும் முட்டல் மறு கரைக்கும் நடந்து போகின்றன. வழியில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.