கதவைச் சாத்தி வளர்த்த தக்காளி

"சாமி, நான் எதைத் தொட்டாலும் சாகுது" என்றான் ஆவுடையப்பன்.

நீலம்மை புளி உடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எது செத்துச்சு?"

"தக்காளி."

"நல்லாருக்கு. தக்காளிக்கா காலங்காத்தால மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தீங்க?"

இவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரை மடத்துக்கு இப்போது நீலம்மைதான் பொறுப்பு. சாமியார் வயசெல்லாம் கிடையாது. ஆவுடையப்பனைவிட ஏழெட்டு வயது சின்னவள். அவன் அவளைச் சாமி என்பான், அவள் அவனை அண்ணாச்சி என்பாள். ரெண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை. ஆறுதல் தேடி அவளிடம் போகிறவர்கள் ஆறுதலைத் தவிர மற்றதெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். இருந்தும் மறுபடி போவார்கள்.

ஆவுடையப்பனுக்கு அரிசி மில்லில் வேலை. பெண்டாட்டி உலகம்மாள் போன ஆடியில் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனாள். ஒரே மகள் வடிவு, இன்னும் பள்ளிக்கூடம் சேராத பிள்ளை. அம்மா போனதிலிருந்து சங்கரன்கோவிலில் சித்தி வீட்டில் இருந்தாள். இந்தக் கோடையில்தான் ஆவுடையப்பன் போய்க் கூட்டிக்கொண்டு வந்தான்.

"வெள்ளிக்கிழமை அவ சித்தி வாரா சாமி. பள்ளிக்கூடத்துல சேத்து அங்கனயே வச்சுக்கிடுதாளாம்."

"பிள்ளை என்ன சொல்லுதா?"

"சித்தி வீட்டுக்குப் போவணும்னு சொல்லுதா. எங்கிட்ட அது ஒண்ணுதான் பேசுதா."

நீலம்மை ஒரு புளியங்கொட்டையைத் தூர எறிந்தாள்.

"இதுல தக்காளி எங்க வந்துச்சு?"

"மில்லுல ஒருத்தர் சொன்னாரு. பிள்ளையும் நீயுமா உக்காந்து விதை போடு, ஒட்டிக்கிடும்னு. நான் ஜென்மத்துல ஒரு செடி வச்சதில்ல. இருந்தாலும் போட்டோம். நாலஞ்சு தயிர் டப்பாவுல. அவ மூக்கெல்லாம் மண்ணு. அன்னைக்குச் சிரிச்சா சாமி."

சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது.

"பெறகு?"

"உள்ரூம்புல வச்சுக் கதவைச் சாத்திட்டேன்."

நீலம்மையின் கை நின்றது.

"என்னத்துக்கு?"

"அப்படித்தான வளக்கணும்? எங்க அம்மை அம்மன் திருவிழாவுக்கு நவதானியம் வெதச்சு முளைப்பாரி போட்டா ரூம்பைச் சாத்திருவா. வெயில் படக் கூடாது, கண்ட ஆளு பாக்கக் கூடாது. கோயில் கொடையன்னைக்கு வெளிய எடுத்தா முழங்கை உசரம் நிக்கும்."

நீலம்மை சிரிக்கத் தொடங்கினாள். சுளகில் இருந்த புளி சரியும்படி சிரித்தாள்.

"அந்த ரூம்புக்குள்ள போயிருக்கீங்களா அண்ணாச்சி?"

"ஆம்பிளையை எங்க விட்டாங்க?"

"அதான். கதவைச் சாத்தினது மட்டும் தெரியும். உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாது."

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. இவளிடம் ஏன்தான் வருகிறோமோ என்று நினைத்தான். எழுந்திருக்கத்தான் பார்த்தான்.

"உள்ரூம்புல வேற என்ன இருக்கு?" என்றாள் அவள்.

அவன் ஆற்றைப் பார்த்தான்.

"உலகு சாமான். சேலை, போட்டோ. பிள்ளை பாத்தா அழுதுருவா. அதனால பூட்டியே வச்சிருக்கேன்."

"நீங்க போவீங்களா?"

"விதைக்குத் தண்ணி ஊத்தப் போவேன். லைட்டு போடமாட்டேன்."

நீலம்மை சரிந்த புளியை அள்ளிச் சுளகில் போட்டாள்.

"நாளைக்கு டப்பாவையும் எடுத்துட்டு வாங்க. பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க."

*

அன்றைக்குச் சாயந்தரம் எப்போதும் போலத்தான் போனது. டிவி ஓடியது. யாரும் பார்க்கவில்லை, சத்தத்துக்காக ஓடியது.

"சாப்பிடுதியா?"

வடிவு தலையை ஆட்டினாள்.

"இன்னொரு இட்லி?"

வேண்டாம் என்று ஆட்டினாள்.

அதற்குமேல் என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பாவம், மில்லில் நூறு பேரோடு மல்லுக்கு நிற்கிற ஆள். சின்னப் பிள்ளையிடம் நாக்கு எழும்பவில்லை. அந்த வீட்டில் ரெண்டு பேர் இருந்தார்கள், ரெண்டு பேரும் தனியாக இருந்தார்கள்.

*

மறுநாள் மடத்துப் படித்துறையில் டப்பாக்களைப் பார்த்ததும் வடிவு குனிந்தாள். விதை போட்ட நாளுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். நாற்றெல்லாம் நூல் மாதிரி நீண்டு, வெளிறி, டப்பா விளிம்பில் சாய்ந்து கிடந்தன.

"இது என்ன?"

"நாம போட்ட விதை."

"ஏன் படுத்திருக்கு?"

ஆவுடையப்பன் நீலம்மையைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, முளைப்பாரியைக் கடைசியில என்ன செய்வாங்க?"

"ஆத்துல விடுவாங்க."

நீலம்மை டப்பாக்களை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். மண் கரைந்தது. நாற்றுகள் கொஞ்ச தூரம் மிதந்து போயின.

"சாமி! என்ன சாமி இப்படிச் செஞ்சுட்டீங்க!"

"இருட்டுல வளத்தா இதுக்குத்தான் ஆகும். தலையில தூக்கிட்டுத் தெருவழியா வரணும், கும்மி கொட்டணும், ஆத்துல விடணும். அதோட சரி. கூட இருந்து காய்க்கணும்னு முளைப்பாரியை யாரும் கேக்கதில்ல."

வடிவு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போயிருச்சா?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தான். வரும் கண்ணு, திரும்ப வரும் என்று சொல்லப் போனான்.

"போயிருச்சு" என்றாள் நீலம்மை.

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். ஆவுடையப்பன் வாயை மூடிக்கொண்டான்.

நீலம்மை டப்பாக்களை அலசி அவன் கையில் கொடுத்தாள்.

"வேற விதை போடுங்க."

"எங்க வைக்க?"

"வீட்டுல காலை வெயில் எந்த ஜன்னல்ல விழுது?"

அவன் டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினான்.

"எந்த ஜன்னல்?"

"உள்ரூம்பு ஜன்னல்."

"அப்ப அங்கதான்."

"சாமி, பிள்ளை அழுவாளே."

"பிள்ளை எதுக்கு சித்தி வீட்டுக்குப் போவணும்ங்கா?"

"அங்க விளையாட ஆளு இருக்கு. மாடியில ஊஞ்சல் கெடக்கு. இங்க என்ன இருக்கு, நான்தான் இருக்கேன்."

"அவ சொன்னாளா?"

"அவ எங்க சொன்னா. நானா நெனச்சுக்கிட்டேன்."

"கேட்டீங்களா?"

"இல்ல."

நீலம்மை ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு மேலே ஏறிப் போனாள். போய்ட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவள் வழக்கம் அது.

*

வியாழக்கிழமை காலையில் ஆவுடையப்பன் மில்லுக்கு லீவு சொன்னான்.

உள்ரூம்புப் பூட்டைத் திறந்தான். ஜன்னல் கொண்டி துருப்பிடித்துக் கிடந்தது. கையாலேயே தட்டித் தட்டித் திறந்தான். வெயில் நேரே கொடியில் விழுந்தது. கொடியில் உலகம்மாளின் பச்சைச் சேலை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு அவள் துவைத்துப் போட்டது. அவன் அதை மடிக்கவே இல்லை.

அவனுக்குக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

வடிவு வாசலில் வந்து நின்றாள். கால் விரல்கள் நிலைப்படிக்கு வெளியே இருந்தன.

"நான் வரலாமா?"

சொந்த வீட்டில், சொந்த அம்மாவின் ரூம்புக்கு, அந்தப் பிள்ளை அனுமதி கேட்டது. கேட்க வைத்தவன் யார்? ஆவுடையப்பனுக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

"வா கண்ணு."

வந்தாள். சேலையைப் பார்த்தாள். சுவரோரம் திருப்பி வைத்திருந்த போட்டோவைப் பார்த்தாள். போய் அதை நேராகத் திருப்பி வைத்தாள். பிறகு ஜன்னலுக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

அவன் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை அழவில்லை.

மண்ணை நிரப்பினார்கள். அவன் டப்பாவைப் பிடித்துக்கொண்டான், அவள் விதை போட்டாள். ஒரு விதை விரலில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது. உதறிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள்.

"சனியன்" என்றாள்.

உலகம்மாள் சொல்வதுபோலவே சொன்னாள். அவன் சட்டென்று நிமிர்ந்தான்.

தண்ணீர் தெளித்தார்கள். நாளைக்கு இந்நேரம் இவள் பஸ்ஸில் இருப்பாள் என்று அவன் நினைத்தான். டப்பா இருக்கும், ஜன்னல் இருக்கும், முளைக்கிறதைக் காட்ட ஆள் இருக்காது. கேட்டுவிடலாம். என்ன பதில் வந்தாலும் கேட்டுவிடலாம்.

"ஏன் வடிவு, எதுக்கு சித்தி வீட்டுக்குப் போவணும்ங்கே?"

வடிவு மண்ணை விரலால் தட்டிவிட்டாள்.

"அங்க சித்தி அழுவா."

"என்னது?"

"அம்மா போட்டோவைப் பாத்து அழுவா. நானும் கூட அழுவேன். பெறகு ரெண்டு பேரும் மூஞ்சி கழுவிட்டுத் தோசை திம்போம்."

"இங்க?"

"இங்க யாரும் அழமாட்டாங்க."

குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. இங்கே ஊஞ்சல் இல்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

ஆவுடையப்பன் டப்பாவைக் கீழே வைத்தான். சுடுகாட்டில் அழாதவன். ஊர் கூடி அழுதபோது, பிள்ளை பயந்துரும், பிள்ளை பயந்துரும் என்று எல்லாரையும் அதட்டியவன். இப்போது மண்கையை முகத்தில் வைத்துக்கொண்டு, கேவிக் கேவி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதான். "உலகு, உலகு" என்று அழுதான். அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்டு ஏறக்குறைய ஒரு வருசமாகியிருந்தது.

வடிவு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உதடு பிதுங்கியது. எழுந்து வந்து அவன் தொடையோடு ஒட்டி உட்கார்ந்து அழுதாள்.

ரொம்ப நேரம் கழித்து அவள்தான் முதலில் நிறுத்தினாள். அவன் முகத்து மண்ணைப் பாவாடை நுனியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என்னவோ யோசித்தாள்.

"நாளைக்கு நான் போயிட்டா, நீ யாருகூட அழுவே?"