ஆதாயம் உள்ளவர் வெளியே போகவும்

ஒரு கானாங்கோழி குளத்தின் நடுவே, கோரைப் புல்லுக்குள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் கறுப்புப் பஞ்சு உருண்டைகள் போல இருந்தன. அவற்றுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. சுற்றிலும் நீர் இருக்கும்வரை கவலை இல்லை. நீர் வடிந்தால், கரையில் நாக்கைச் சுழற்றிக்கொண்டு காத்திருக்கும் கீரி நடந்தே வந்து தின்றுவிடும்.

அந்தக் குளம் இருந்தது ஒரு புறநகர்க் காட்டில். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் நகரத்தின் கடைசி வீடுகள். நகரத்தில் மன்றம் கூடுவதை மதில்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்த குரங்கு ஒருநாள் சொன்னது: "நாமும் ஒரு மன்றம் வைப்போம்! எத்தனை காலம்தான் வெறும் விலங்குகளாகவே இருப்பது?"

விலங்குகள் ஆரவாரம் செய்தன. புங்க மரத்து நிழலில் மன்றம் கூடத் தொடங்கியது.

எருமை தலைவர் ஆனது. அது எதையும் எதிர்த்துப் பேசியதில்லை. அதுவே அதன் தகுதி. நரி செயலாளர். நரியை ஒட்டி மயிலும் குரங்கும் உட்கார்ந்தன. எதிர்ப்பக்கம் காட்டுப்பன்றி, ஆமை, நண்டு, கானாங்கோழி. நிழல் முழுவதும் நரியின் பக்கம் விழுந்தது. எதிர்ப்பக்கத்தில் பாதி உடம்பு வெயிலில் காயும்.

தீர்மானத்தை ஆதரிப்பவர் வாலைத் தூக்க வேண்டும். அதுதான் மன்றத்தின் வழக்கம். நண்டுக்குத் தூக்க வால் இல்லை. ஆமைக்கு வால் உண்டு. ஆனால் அது தூக்கியதை யாரும் பார்த்ததில்லை. கானாங்கோழியின் பாடு வேறு. அது அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் வால் தானாகவே மேலே துள்ளும். பிறவிப் பழக்கம்! "பாருங்கள், கானாங்கோழியும் ஆதரிக்கிறது!" என்று நரி உடனே அறிவித்துவிடும். மயிலுக்கு 'வன மாமணி' பட்டம் கொடுத்த தீர்மானம் அப்படித்தான் நிறைவேறியது.

மழைக்காலம் நெருங்கியது. ஒரு காலையில் கானாங்கோழி குளக்கரையின் வெளிப்புறம் மேய்ந்துகொண்டிருந்தது. கரையின் அடியில் எப்போதும் கொஞ்சம் நீர் கசியும். தெளிந்த நீர். அன்று கலங்கலாக வந்தது. கரையின் மண்ணே உள்ளுக்குள் கரைகிறது என்று கானாங்கோழிக்குப் புரிந்துவிட்டது.

நண்டு தலையை நீட்டியது. "அக்கா, மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் வளைகள் உள்ளே ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன. என் வளையும் அதில் ஒன்று. ஒரு பெருமழை அடித்தால் கரை நிற்காது."

"என் குஞ்சுகள்?"

நண்டு திரும்பி, கீரி உட்காரும் பாறையைப் பார்த்தது.

கானாங்கோழி நேராக மன்றத்துக்கு ஓடியது. "தலைவரே! கரை அரிக்கிறது! மழைக்கு முன் அடைத்தாக வேண்டும். மண் தோண்டக் காட்டுப்பன்றி வேண்டும். இன்றே முடிவு செய்யுங்கள்!"

எருமை அசைபோட்டபடி நரியைப் பார்த்தது.

நரி தொண்டையைச் செருமியது. "காட்டுப்பன்றியின் உழைப்பு நம் பொதுச் சொத்து. மழைக்கு முன் அதைக்கொண்டு ஒரே ஒரு வேலைதான் முடியும். நகரத்துப் பக்கம் நம் காட்டுக்கு ஒரு நுழைவு வளைவு கட்டலாம் என்றும் கோரிக்கை இருக்கிறது. எதற்கு முன்னுரிமை? நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்."

"வளைவா? யார் கேட்டார்கள் வளைவு?"

"மக்கள் கேட்கிறார்கள்" என்றது குரங்கு.

"எந்த மக்கள்? பேரைச் சொல்!"

"பேரெல்லாம் சொன்னால் மக்கள் ஆகாது, அம்மணி. தனிநபர் ஆகிவிடும்!"

விஷயம் இதுதான். வளைவு வந்தால் நகரத்து மனிதர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். வாழைப்பழம் எறிவார்கள். அது குரங்குக்கு. தின்று மிஞ்சிய பிரியாணிப் பொட்டலத்தை வீசுவார்கள். அது நரிக்கு. கைப்பேசியில் படம் எடுப்பார்கள். அது மயிலுக்கு.

"முன்னுரிமை பேசுமுன் நம்மை நாமே தூய்மைப்படுத்திக்கொள்வோம்" என்றது நரி. அதன் குரல் தழுதழுத்தது. "இன்றைக்கு நகர மன்றங்களில் நன்னடத்தை விதி இல்லாமல் ஒரு குழாயைக்கூடத் திறப்பதில்லை. நமக்கும் ஒரு விதி வேண்டும். ஒரு வேலையால் ஆதாயம் பெறுபவர் யாராக இருந்தாலும், அந்த வேலையைப் பற்றி மன்றம் பேசும்போது வெளியே போய்விட வேண்டும். சொந்த லாபத்துக்காக யாரும் பேசக்கூடாது. நேர்மை! அதுதான் எனக்கு உயிர்."

மயிலின் கண் கலங்கியது. அதற்கு எதைக் கேட்டாலும் கண் கலங்கும்.

நரியும் மயிலும் குரங்கும் வாலைத் தூக்கின. எதிர்ப்பக்கம் காட்டுப்பன்றி மட்டும், "இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது" என்று உறுமி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டது. ஆமையும் நண்டும் அதன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தன.

"மூன்றுக்கு மூன்று, சமமாக நிற்கிறது. கானாங்கோழிதான் பாக்கி" என்றது எருமை.

"பொறுங்கள், தலைவரே! ஒரே ஒரு கேள்வி!" என்று கானாங்கோழி பரபரத்து முன்னே வந்தது. வந்த வேகத்தில் வால் துள்ளியது.

"தூக்கிவிட்டது! கானாங்கோழி தூக்கிவிட்டது!" என்று குரங்கு குதித்தது. "விதி நிறைவேறியது!"

"அய்யோ, நான் தூக்கவில்லை! அது தானாகத் துள்ளுகிறது!"

"வால் உன்னுடையதுதானே?" என்றது நரி. "அடுத்த பொருள்: குளக்கரை. ஆதாயம் உள்ளவர் வெளியே போகவும். கானாங்கோழி எங்கே குடியிருக்கிறது?"

"குளத்தில்."

"வெளியே!"

"ஆமை?" என்று அடுத்துக் கேட்டது நரி.

"நானும் குளம்தான்" என்றது ஆமை. அது வெயிலுக்கு வந்து சேர்வதற்குள் நரி நண்டையும் அனுப்பிவிட்டது.

"காட்டுப்பன்றி! நீ கரையோரம் கோரைக்கிழங்கு தோண்டித் தின்பவன். உனக்கும் ஆதாயம். வெளியே!"

"என்னை வைத்துத்தானே வேலையே! நான் வெளியே போனால் என் உழைப்பை யார் முடிவு செய்வது?"

"ஆதாயம் இல்லாதவர்கள்" என்றது நரி.

வெளியே நின்று கானாங்கோழி கத்தியது. அது கத்தினால் மலை வரை கேட்கும். "அப்படியானால் வளைவு பற்றிப் பேசும்போது நீங்கள் எல்லாரும் வெளியே வாருங்கள்! வாழைப்பழம் யாருக்கு? பிரியாணி யாருக்கு?"

"அது வளர்ச்சி" என்றது நரி. "வளர்ச்சி எல்லாருக்கும் பொது. பொதுவானதில் தனி ஆதாயம் கிடையாது."

"தண்ணீர் பொது இல்லையா?"

"தண்ணீர் உன் வாய்க்குள் போகிறது. வளைவு யார் வாய்க்குள்ளாவது போகிறதா? யோசித்துப் பேசு, அம்மணி!"

மயில் தோகையை ஆட்டிச் சிரித்தது. கானாங்கோழிக்கு அழுகை முட்டியது. குஞ்சுகளின் கீச்சொலி குளத்திலிருந்து கேட்டது. அது அழவில்லை. இன்னும் உரக்கக் கத்தியது.

"சரி! உங்கள் விதிப்படியே கேட்கிறேன். இந்தக் குளத்தில் ஒரு வாய் நீர் குடிக்காதவர் யாராவது இருந்தால், அவர் மட்டும் உள்ளே உட்காரட்டும்!"

நரி அவசரமாகச் சொன்னது: "குடிப்பது ஆதாயம் ஆகாது. அது வெறும் பழக்கம்."

அப்போது எருமை அசைபோடுவதை நிறுத்தியது. அது நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. "நான் அதில் குடிக்கிறேன்" என்றது. "மத்தியானம் முழுக்க அதிலேயே கிடக்கிறேன். அப்படியானால் எனக்கு ஆதாயம் இருக்கிறது. நானும் வெளியேதானே போக வேண்டும்?"

"தலைவரே! நீங்கள் தலைவர்! விதி உறுப்பினர்களுக்கு!"

"யாராக இருந்தாலும் என்று நீ சொன்னாயே."

"சொன்னால் என்ன? இதையெல்லாம் குறிப்பால் புரிந்துகொள்ள வேண்டாமா?"

"எனக்குத்தான் எதுவும் சீக்கிரம் புரியாதே, தம்பி. அதனால்தானே என்னைத் தலைவர் ஆக்கினாய்?"

எருமை எழுந்தது. உடம்பை ஒருமுறை உலுக்கியது. மெல்ல நடந்து வெயிலுக்கு வந்து நின்றது. குரங்கு ஓடிப்போய் அதன் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. எருமைக்கு ஈ உட்கார்ந்தது போலக்கூடத் தெரியவில்லை.

உள்ளே நரி, மயில், குரங்கு. வெளியே மற்ற எல்லாரும். வேடிக்கை பார்க்க வந்த தவளைகளும் முயல்களும்கூட வெளியேதான் நின்றன. உறுப்பினர் அல்லாதவர்களுக்கு உள்ளே எப்போதும் இடம் இல்லை.

காட்டுப்பன்றி சுற்றிலும் பார்த்தது. "அட! மன்றம் இங்கேதானே இருக்கிறது!" என்றது.

"கிளம்புங்கள்!" என்று கத்தியது கானாங்கோழி.

காட்டுப்பன்றி குளத்து ஓரத்தில் களிமண்ணைக் கிளறியது. நண்டு வளைகளுக்குள் புகுந்து, எது எதோடு சேர்கிறது என்று குரல் கொடுத்தது. தவளைகள் ஈரம் கண்ட இடத்தில் உட்கார்ந்து அடையாளம் காட்டின. ஆமை முதுகில் மண்கட்டி சுமந்தது. அது வந்து சேர்வதற்குள் மண் காய்ந்துவிடுகிறது என்று முயல்கள் கேலி செய்தன. "கேலி செய்கிற நேரத்துக்கு நீ ரெண்டு கட்டி கொண்டு வா!" என்று ஆமை திட்டியது. எருமை கரைமேல் ஏறி மிதித்தது. ஒரு மிதிக்கு ஒரு வளை அடைபட்டது. இத்தனை நாள் தலைவராக உட்கார்ந்திருந்த கனம் அன்றுதான் ஒரு வேலைக்குப் பயன்பட்டது.

புங்க மரத்தடியில் வளைவுக்கு முதல் முன்னுரிமை என்று தீர்மானம் நிறைவேறியது. கட்டத்தான் ஆள் இல்லை. ஆகவே வளைவு பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. நரி, மயில், குரங்கு.

மழை வந்தது. இடியும் காற்றுமாகக் கொட்டியது. குளம் விளிம்பு வரை ததும்பியது. கானாங்கோழி குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு கரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கரை அசையவில்லை. பாறைமேல் நனைந்துகொண்டிருந்த கீரி, கடைசியில் தும்மிவிட்டு வேறு இடம் பார்க்கப் போனது.

மழை விட்டதும் மன்றம் கூடியது. எல்லா விலங்குகளும் வந்தன. பாராட்டுவார்கள் என்று ஆமை நினைத்தது. பாவம், அதற்கு மன்றத்தில் அனுபவம் போதாது.

"நன்னடத்தை விதி மீறப்பட்டிருக்கிறது!" என்று நரி முழங்கியது. "ஆதாயம் உள்ளவர்கள் பேசவே கூடாது என்றோம். இவர்கள் வேலையே செய்திருக்கிறார்கள்! முதல் குற்றவாளி கானாங்கோழி. உறுப்பினர் பதவியிலிருந்து நீக்குகிறேன்."

பிறகு கானாங்கோழியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தியது. "இதோ பார். ஒரே ஒரு வார்த்தை சொல். கரையைக் காப்பாற்றியது மன்றம் என்று சொல். பதவி உனக்கே. நிழலிலும் ஓர் இடம் தருகிறேன். நமக்குள் என்ன சண்டை?"

கானாங்கோழி கால் அசையாமல் நின்றது. வால் துள்ளிவிடக் கூடாது என்ற கவனம் அதற்கு இருந்தது. நின்ற இடத்திலிருந்தே உரக்கச் சொன்னது:

"கரையை மன்றம் காப்பாற்றியதாம்! செயலாளர் சொல்கிறார்! அப்படியா? இருக்கட்டும். எல்லாரும் காலைக் காட்டுங்கள்!"

எருமை ஒரு காலைத் தூக்கிக் காட்டியது. முட்டி வரை, மழைக்கும் போகாமல் ஒட்டிய களிமண். காட்டுப்பன்றிக்கு மூக்கு வரை களிமண். ஆமைக்கு எது ஓடு, எது மண் என்றே தெரியவில்லை. நண்டு எல்லாக் கால்களையும் ஒரே நேரத்தில் தூக்கப் போய்க் கவிழ்ந்தது.

எல்லாக் கண்களும் நிழலுக்குத் திரும்பின. மயில் தோகையைத் தாழ்த்திக் காலை மறைத்தது. குரங்கு கால்களைச் சுருட்டி மேலே உட்கார்ந்துகொண்டது. நரியின் பாதங்கள் மட்டும் தரையில் இருந்தன. மழையில் இத்தனை நனைந்த காட்டில், அவை பூனை நக்கியது போலச் சுத்தமாக இருந்தன.

"நான் நேர்மையாக விலகி நின்றேன்" என்றது நரி.

எருமை தலைவர் இடத்தை ஒருமுறை பார்த்தது. "கரையின் வடக்கு மூலை இன்னும் மெத்தென்று இருக்கிறது. போய் மிதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தது. நிழலில் இருந்த மூவரைத் தவிர எல்லாரும் அதன் பின்னால் நடந்தார்கள்.

புங்க மரத்தடியில் நரி தீர்மானத்தைப் படித்தது. கானாங்கோழியின் நீக்கம் ஒருமனதாக நிறைவேறியது.

பிரச்சினை யாருடையதோ அவரை வெளியே நிறுத்திவிட்டு எழுதப்படும் நேர்மை விதி, உள்ளே இருப்பவரின் பங்கைக் காப்பதற்கே எழுதப்படுகிறது.