டெல் அடிக்காத இடம்

"'பாட்டெல்லாம் உன்னோடதுன்னா நீயே போய் அடிச்சுக்கோ.' இதே வார்த்தைதான் அம்மா. அன்னிக்கு டெல் சொல்லிட்டுப் போனதை, இத்தனை வருஷம் கழிச்சு நான் ஃபோன் பண்ணினா, ஒரு எழுத்து மாத்தாம திருப்பிச் சொல்லிட்டு வச்சுட்டான்!"

"சரி. அதுக்கு என் அடுப்படியில வந்து ஏன் கத்துற?" என்றார் லூர்து அம்மா.

கத்தியவன் வெர்னன்.

அறுபதைத் தாண்டியவன். அமைதி தேடி அமெரிக்காவிலிருந்து கோத்தகிரி மலை ஆசிரமத்துக்கு வந்தவன். வந்த நாள் முதல், தன் பழைய இசைக்குழுவில் இருந்த டெல்லைப் பற்றிய புராணம்தான்.

ஆசிரமத்தை நடத்தும் லூர்து அம்மா அவனைவிட இளையவர். கன்னியர் மடத்தில் படித்த இங்கிலீஷும், எங்கே படித்ததென்று தெரியாத நாக்கும் அவருக்கு.

"பேண்டு கதையை முழுசாச் சொல்லு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பருப்பு வேகுது. அது வேகறதுக்குள்ள முடிக்கணும்."

சொன்னான்.

ஒஹையோவில், வாஷிங் மெஷின் செய்யும் ஓர் ஊர். டெல் வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறை. நாலு பேர். வெர்னன் பாட்டும் கிட்டாரும். டெல் டிரம்ஸ். பேண்டின் பெயர் 'தி அயர்னிங் போர்ட்ஸ்'.

"இஸ்திரிப் பலகையா? வேற பேரே கிடைக்கலையா?"

"அது நியூ வேவ்னு புது மாதிரி இசை வந்த காலம் அம்மா. அதுக்கு முந்தி எல்லாரும் முடியை வளர்த்துக்கிட்டு ஒரே பாட்டை அரை மணி நேரம் வாசிச்சாங்க. நாங்க முடியை வெட்டினோம். டை கட்டினோம். பாட்டைச் சுருக்கினோம்."

"இங்கே பிரசங்கம் பண்ண வர்ற ஃபாதருக்கும் அதைச் சொல்லிக் குடு."

முதலில் ஊரே சிரித்தது. பிறகு நியூயார்க். பிறகு லண்டன். ஒரு பாட்டு ரேடியோவை விட்டு இறங்கவே இல்லை.

ரெக்கார்டு உறையில் 'பாடல்கள்: வெர்னன்' என்று போட்டார்கள். என் பேர் எங்கே என்று டெல் கேட்டான்.

"நீ தாளம்தானே போடுறே" என்றான் வெர்னன்.

அடுத்த ரெக்கார்டுக்குத் தாள மெஷின் ஒன்றை வாங்கி வந்தான். டெல் தன் குச்சிகளை அதன் தலைமேல் வைத்துவிட்டு, நீயே போய் அடிச்சுக்கோ என்று அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனான். அந்த ரெக்கார்டை யாரும் வாங்கவில்லை. பேண்டும் அதோடு படுத்துவிட்டது.

"இப்ப என்ன வந்துச்சு?"

"இப்ப எங்கே பார்த்தாலும் சின்னப் பசங்க, 'உங்களைக் கேட்டுத்தான் நாங்க பேண்டு ஆரம்பிச்சோம்'ங்கறாங்க. எங்க ஊர்ல கடைசியா ஒரு தடவை வாசிக்கக் கூப்பிடுறாங்க. மத்த ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. டெல்தான்…"

வெர்னன் அடுப்புப் பக்கமாக நகர்ந்தான்.

"அந்த நிலவறையில பூஞ்சை நாத்தம் குடலைப் புரட்டும் அம்மா. எனக்கு அந்த நாத்தம் வேணும். அவன் வேணும்."

அம்மா பருப்பைக் கிளறினார்.

"பாடு."

"என்னது?"

"ரேடியோவை விட்டு இறங்கலைன்னியே, அதை."

"இப்பவா?"

"பின்ன, ஞாயித்துக்கிழமையா?"

வெர்னன் தொடையில் தட்டிக்கொண்டு பாடினான். குரல் துருப்பிடித்திருந்தது. பல்லவியின் நடுவில் கை நின்றது. மூச்சும் நின்றது. பிறகு, தடுக்கி விழப்போனவன் சமாளித்துக்கொண்ட மாதிரி, பாட்டு மேலே ஓடியது.

அந்த இடம் மறுபடி வந்தது. கை நின்றது.

அம்மா கரண்டியை எடுத்துச் சட்டி மூடியில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

"ஐயோ! அங்கே அடிக்கக் கூடாது!"

"ஏன்?"

"அங்கே ஒண்ணும் வராது. சும்மா விடணும்."

"நீ எழுதினியா அப்படி?"

"இல்ல, டெல் அங்கே அடிக்க மாட்டான். வரும் வரும்னு ஹாலே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அவன் பாட்டுக்குக் குச்சியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான், திருட்டுப்பய…"

"அந்தச் சின்னப் பசங்க உன் பாட்டுலேர்ந்து எதை எடுத்துக்கிட்டாங்க?"

வெர்னன் அந்தப் பசங்களின் பாட்டுகளை நினைத்துப் பார்த்தான்.

வார்த்தைகளை யாரும் எடுக்கவில்லை. மெட்டையும் எடுக்கவில்லை.

எல்லாரும் எடுத்துக்கொண்டது டெல் அடிக்காத அந்த இடத்தைத்தான்.

"பருப்பு வெந்துருச்சு" என்றார் அம்மா. "எந்திரி."

அவன் சாப்பிடப் போகவில்லை. ஆபீஸ் அறைக்குப் போய் ஃபோனை எடுத்தான். ஒஹையோவில் அப்போது காலை நேரமாக இருக்கும்.

வெகுநேரம் மணி அடித்தபின் யாரோ எடுத்தார்கள். ஹலோ சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அது யாருடைய மூச்சு என்று வெர்னனுக்குத் தெரியும்.

அவனும் ஹலோ சொல்லவில்லை. பாட ஆரம்பித்தான். அந்த இடம் வந்தது. விட்டான்.

அதற்கு மேல் பாட்டு வரவில்லை.

"டெல்" என்றான். "அந்த இடத்தை நான் சரியா விடுறேனான்னு தெரியல. ஒரு தடவை வந்து கேளேன்."