கடைசி ஆள் கதவைச் சாத்தினாள்

ஏழு கடல், ஏழு மலை தாண்ட வேண்டாம். கோயம்புத்தூரைவிட்டு ஒரு டோல்கேட் தாண்டினால் போதும், அங்கே ஒரே ஒரு முதியோர் குடியிருப்பு இருந்ததாம். விளம்பரத்தில் 'முழுப் பாதுகாப்பு' என்று பார்த்து, துபாய் மகன் தன் அம்மா வள்ளாத்தாளை அங்கே சேர்த்தான். பாதுகாப்பு என்பது மூன்று பேர்: மேனேஜர் நஞ்சப்பன், வார்டன் தெய்வநாயகி, செக்யூரிட்டி ஒண்டிமுத்து.

ஒருநாள் தீயணைப்பு அதிகாரி வந்து, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று பாடம் நடத்திவிட்டுப் போனார். மூவரும் ஒரு சொல்லைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

"வெளியேறும் வழியில் எதுவும் இருக்கக்கூடாது" என்றாரா? வாசல் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைக் கழற்றி எறிந்தார்கள். "தீயணைக்கும் சிலிண்டர் கைக்கு எட்ட வேண்டும்" என்றாரா? ஆறடி ஒண்டிமுத்து கையைத் தூக்கிப் பார்த்து, எட்டிய இடத்தில் ஆணி அடித்து மாட்டினான்.

"கடைசி ஆள் கதவைச் சாத்திட்டு வரணும்னாரே, யாருங்க அது?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

"தீப்பிடிச்சப்புறம் தேடிட்டிருப்பியா? இப்பவே போட்டுருவோம்" என்றார் நஞ்சப்பன்.

முட்டி ஆபரேஷன் ஆன வள்ளாத்தாளைவிட மெதுவாக நடப்பவர் யார்? பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, அவளைக் கடைசி ஆளாக நியமித்தார்கள். மகன் வாட்ஸப்பில் கைதட்டினான். வள்ளாத்தாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வெந்து சாகிற வேலைக்குச் சால்வை வேறா?

ஒரு சாயங்காலம் சமையலறையில் வடைச்சட்டி பற்றிக்கொண்டது. சமையல்காரர் பின்வாசல் வழியே ஓடினார். மற்ற பெரியவர்கள் பாடத்தையெல்லாம் மறந்ததால் சுகமாக வெளியே போய்விட்டார்கள். குளிருக்கு அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு வாசலோரம் காப்பிக்குக் காத்திருந்த வள்ளாத்தாளும் வாக்கரை ஊன்றி எழுந்தாள்.

"அம்மா, உக்காருங்க! நீங்க கடைசி" என்று மறித்தார் நஞ்சப்பன்.

"அப்ப நீங்க முந்திப் போங்க கண்ணு."

"பெரியவங்க அத்தனை பேரும் போன பின்னாடிதான் ஊழியர் போகணும். அதிகாரி சொன்னது."

"அப்ப நான் போறேன்."

"கடைசி ஆள் எப்படிங்க முந்திப் போவாங்க?" என்றாள் தெய்வநாயகி. மூவரும் நின்று யோசித்தார்கள். புகை யோசிக்கவில்லை, கூடத்துக்குள் வந்துவிட்டது.

"கூறு கெட்டதுகளா" என்று முனகிக்கொண்டே வள்ளாத்தாள் வெளியேறி, சட்டப்படி கதவைச் சாத்தினாள். பிடிக்கக் கம்பி இல்லாததால், வாக்கரை முன்னால் இறக்கி வைத்து வைத்து, படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள்.

உள்ளே நஞ்சப்பன் கேட்டார்: "கடைசி ஆள் போயாச்சா?"

"போயாச்சுங்க."

"கதவு?"

"சாத்தியாச்சுங்க."

"அப்பாடா! அப்ப உள்ளே யாரும் இல்லை."

ஒண்டிமுத்து இருமினான். "யாருடா இருமறது?" என்று அதட்டினார் நஞ்சப்பன். "அந்த சிலிண்டரையாவது எடு!"

"நான்தான் உள்ளே இல்லையேங்க, யார் எடுக்கறது?"

நியாயம்தான் என்று தலையாட்டினாள் தெய்வநாயகி.

தீயணைப்பு வண்டி வந்தது. ஆட்கள் சமையலறை ஜன்னல் வழியே நுரையைப் பீய்ச்சித் தீயை அணைத்தார்கள். அதிகாரி வாசற்கதவைத் தட்டினார். "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன: "யாரும் இல்லீங்க!"

அதிகாரி திகைத்து வள்ளாத்தாளைப் பார்த்தார். அவள் பொன்னாடையைக் கழற்றி அவர் தோளில் போட்டாள்.

"நான்தானுங்க கடைசி. அதான் அவங்களே சொல்றாங்களே" என்று சொல்லிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடையைப் பார்த்து வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.