கண்காணிக்கு மேல் கண்காணி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடலோரத்தில் இருந்த ஒரு நாட்டைக் கடல்வென்றான் என்கிற ராஜா ஆண்டு வந்தார். பெயர்தான் கடல்வென்றான். படகில் கால் வைத்தால் வாந்தி எடுத்துவிடுவார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அரண்மனைக்குச் சொந்தமான கயிற்றுச்சாலை ஒன்று இருந்தது. தேங்காய் நாரைத் திரித்துக் கப்பல்களுக்குக் கயிறு விற்பார்கள். ஒரு தெருவே அதை நம்பித்தான் அடுப்புப் பற்றவைத்தது.

முன்பெல்லாம் பருவத்துக்கு ஒரு தடவை பெரிய கப்பல்கள் வரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி தடிக் கயிறு. இப்போதோ விதவிதமான கப்பல்கள் நினைத்த நேரத்தில் வந்து நின்றன. ஒருத்தர் மெல்லிசாகக் கேட்டார், இன்னொருத்தர் நீளமாகக் கேட்டார், எல்லாரும் உடனே கேட்டார்கள். சாலையில் பழையபடி தடிக் கயிறே திரித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தன.

"காலம் மாறிப்போச்சு. கயிற்றுச்சாலையையும் மாற்றியாகணும். யாருக்கு என்ன தோணுது?" என்று ராஜா சபையில் கேட்டார்.

மந்திரி சாத்தையா வாயைத் திறப்பதற்குள் திருமேனிராயர் எழுந்துவிட்டார். இந்த ராயருக்கு மந்திரி பதவி மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"மகாராஜா, அங்கே எல்லாரும் எல்லா வேலையும் செய்கிறார்கள். அதுதான் கோளாறு. ஆளுக்கு ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கண்காணி, கண்காணிகளுக்கு ஒரு பெரிய கண்காணி, பெரிய கண்காணிக்கும் மேலே..."

"நீர்" என்றார் சாத்தையா.

"யாராவது இருக்கத்தானே வேணும்?" என்று சொல்லிக்கொண்டே ராயர் ஒரு துணியை விரித்தார். கட்டம் கட்டமாக, கோடு கோடாக ஒரு படம். ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததாலேயே பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, சரி என்றுவிட்டார்.

மறு வாரமே ஒரு கப்பல்காரர் பாய்மரத்துக்கு மெல்லிசுக் கயிறு கேட்டு வந்தார். கயிற்றுச்சாலையில் வேலை பார்த்த மூக்காயிக்குத் திரிக்கிற வேலை. வெட்டுகிற வேலை வேறொருத்தருக்கு. எங்கே வெட்டணும் என்று கேட்கக் கண்காணி பெரிய கண்காணியிடம் போனார். பெரிய கண்காணி ராயரிடம் போனார். ராயர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மூக்காயி திரிக்கத் திரிக்க, கயிறு சாலையின் வாசலைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, கோயில் வாசல்வரை போய்விட்டது.

"அடியே மூக்காயி, நிறுத்தேன். மாடெல்லாம் தடுக்கி விழுது" என்றாள் சந்தையில் மீன் விற்கிறவள்.

"நிறுத்தச் சொல்ல நான் யாரு? எனக்கு மேல ஆளிருக்கு. அவருக்கு மேலயும் இருக்கு. அதுக்கும் மேல யாருன்னு யோசிச்சா எனக்கே தலை சுத்துது."

கப்பல்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வெறுங்கையோடு போய்விட்டார்.

"திட்டத்தில் குறையில்லை மகாராஜா, ஆட்கள்தான் சரியில்லை" என்றார் ராயர். ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கயிற்றுச்சாலையை மூடவும், அதை நம்பியிருந்த தெருவையே காலி பண்ணவும் சொல்லிவிட்டார்.

சாத்தையா முன்னால் வந்தார். "மகாராஜா, இதே திட்டத்தை வேறொரு இடத்தில் நடத்திப் பார்ப்போம். அங்கே நன்றாக நடந்தால் குற்றம் ஆட்களுடையது. சாலையை மூடுங்கள், நானும் அவர்களோடு கிளம்பிவிடுகிறேன். நடக்காவிட்டால் சாலையை அவர்கள் பொறுப்பில் விடணும்."

"எந்த இடத்தில்?"

"வருகிற சனிக்கிழமை, தங்கள் எண்ணெய்க் குளியலில்."

ராயருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரசரின் குளியலுக்கே படம் போடுவது என்றால் சும்மாவா?

சனிக்கிழமை வந்தது. எண்ணெய் தேய்க்க ஒருவர், சீயக்காய் தேய்க்க ஒருவர், சுடுதண்ணீருக்கு ஒருவர், பச்சைத்தண்ணீருக்கு ஒருவர், ஊற்ற ஒருவர். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு கண்காணி. எண்ணெய் வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சீயக்காய் தேய்த்ததும் ராஜாவின் கண்ணுக்குள் போய்விட்டது.

"ஊற்று, ஊற்று" என்றார் ராஜா.

சொம்போடு நின்றவர் நகரவில்லை. "என் கண்காணி சொல்லணும் மகாராஜா."

"அவர் எங்கே?"

"தண்ணீர்க் கண்காணியைக் கேட்கப் போயிருக்கார்."

"எந்தத் தண்ணீர்க் கண்காணி? சுடுதண்ணீரா, பச்சைத்தண்ணீரா?" என்று மூலையிலிருந்து ஒரு குரல்.

"ரெண்டையும் கலக்கிறது யார் வேலை?" என்று இன்னொரு குரல்.

"அதைப் பெரிய கண்காணிகிட்டதான் கேட்கணும்."

"அடேய், நான் ராஜாடா."

"உண்மைதான் மகாராஜா" என்றார் சொம்புக்காரர் பணிவாக. "ஆனா படத்துல உங்ககிட்டேருந்து என்கிட்ட நேரா கோடு இல்லையே."

"சாத்தையா, நீராவது ஊற்றும்."

"என் பெயர் படத்திலேயே இல்லை, மகாராஜா."

ராஜா தட்டுத்தடுமாறி எழுந்து, கையால் துழாவி, பக்கத்தில் இருந்த அண்டாவுக்குள் தலையை அப்படியே முக்கினார். நிமிர்ந்தபோது கண்ணிரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தன. ராயர் அப்போதுதான் படத்துணியோடு ஓடி வந்தார்.

"மகாராஜா, ஒரு கோடு விட்டுப்போச்சு. இங்கே இன்னொரு கண்காணியைப் போட்டால்..."

ராஜா அந்தத் துணியைப் பிடுங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார்.

"கண் எரிகிறவன் நான். சொம்பு அவன் கையில். நடுவில் இத்தனை பேர் எதுக்கு?"

"கப்பல்காரரும் மூக்காயியும் அப்படித்தான் நின்றார்கள், மகாராஜா" என்றார் சாத்தையா. "கேட்கிறவரும் செய்கிறவரும் நேரில் பேசட்டும். ஒரு கப்பல் வந்தால் அதற்கென்று ஒரு குழு. திரிப்பதும் வெட்டுவதும் அவர்களே முடிவு பண்ணட்டும். கயிறு அறுந்தால் அவர்களையே கேளுங்கள்."

"அப்போ என் கண்காணிகள்?" என்றார் ராயர்.

"அவர்களுக்கும் கை இருக்கிறதே. நார் ஊற வைக்கட்டும். நீரும் போய் உட்காரும்" என்றார் ராஜா. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சாத்தையாவுக்குப் போட்டார். தெருவைக் காலி பண்ணச் சொன்ன உத்தரவு அன்றைக்கே ரத்தானது.

அடுத்த கப்பல் வந்தபோது ராஜா வேடிக்கை பார்க்கச் சாலைக்குப் போனார். கப்பல்காரர் மூக்காயி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இவ்வளவு கனம் போதும்மா" என்று விரலில் காட்டிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் கேட்டு ஓடவில்லை. ராயர் ஊறின நாரைக் குவியல் குவியலாகத் தூக்கி வந்து போட்டார். ராஜாவுக்கு ஒரே குழப்பம். நடுவில் போய் நின்றுகொண்டார்.

"சாத்தையா, எல்லாம் தானாகவே நடக்குதே. இதில் எனக்கு என்னய்யா வேலை?"

மந்திரி பதில் சொல்வதற்குள் மூக்காயி நிமிர்ந்து பார்த்தாள்.

"மகாராசா, கோவிச்சுக்காதீங்க. செத்த தள்ளி நில்லுங்க, கயிறு வருது."

ராஜா தள்ளி நின்றார். அந்தத் தெருவில் அடுப்புகள் எரிந்துகொண்டே இருந்தன.